நீண்ட நடைபயணத்தில் பாதங்களைக் காப்பது: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்திய கூட்டங்கள் வேளாங்கண்ணியை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். 300 கிலோமீட்டருக்கு மேல், கொளுத்தும் வெயிலில். புரட்டாசி பிறந்தால் திருவள்ளூர் பக்கமாகத் திருப்பதி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பேருந்து பிடித்துப் போய் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம். இவர்களுக்கெல்லாம் வழியோர முகாமில் பாதத்தைக் கழுவிக் கட்டுப் போடும் வேலையில் நானும் இருக்கிறேன். அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மருத்துவரைப் பார்க்க வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். அவற்றைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கொப்புளம் ஏன் வருகிறது? ஷூ கடிப்பதால்தானே?

ஷூ ஒரு பங்குதான். ஒவ்வொரு அடியிலும் பாதத்தின் எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. மேல்தோலோ வியர்வையில் நனைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இழுபடுகிற தோலடுக்கு ஒரு கட்டத்தில் உள்ளேயே கிழிந்துவிடும். அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்வதுதான் கொப்புளம். 30 கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 40,000 அடிகள். ஒவ்வொரு காலுக்கும் 20,000 இழுப்புகள்.

நனைந்த தோலில் உராய்வு கூடும். சென்னைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, ஷூ போட்ட அரை மணி நேரத்தில் சாக்ஸ் நனைந்துவிடுகிறது. அதனால்தான் மலைப்பகுதியில் நன்றாக நடந்து பழகியவர்கள்கூட இங்கே நடக்கும்போது அவதிப்படுகிறார்கள். ஈரம், சூடு, உராய்வு மூன்றில் எதைக் குறைத்தாலும் பலன் உண்டு.

வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கொப்புளம் எழும்புவதற்கு முன் அந்த இடம் சுள்ளென்று எரியும். குதிகாலின் பின்புறம், கட்டைவிரலின் ஓரம், சுண்டுவிரல், முன்பாதத்தின் அடி ஆகியவைதான் பெரும்பாலும் எரியும் இடங்கள். தொட்டால் சூடாக இருக்கும், லேசாகச் சிவந்திருக்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்துக் காயவிட்டு, டேப் ஒட்டி, சாக்ஸ் மாற்றினால் பத்து நிமிடத்தில் காரியம் முடிந்தது. பெரும்பாலும் கொப்புளம் வராது.

ஆனால் யாரும் உட்காருவதில்லை. "அடுத்த தண்ணீர்ப் பந்தல் வரட்டும்", "குழு முன்னால் போய்விடும்", "வேண்டுதல்னா வலிக்கத்தானே செய்யும்" என்று ஆயிரம் காரணம். முகாமுக்கு வந்து சேரும்போது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகத் தோல் உரிந்திருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் வேண்டுதலுக்கு ஒரு குறையும் வராது. குழுவை நடத்துகிறவர்கள் கிளம்பிய முதல் ஒரு மணி நேரத்தில் எல்லோரையும் ஒருமுறை உட்காரவைத்துப் பாதத்தைப் பார்க்கச் சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். வயதானவர்களும் புதிதாக வருகிறவர்களும் தாங்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்களே போய்க் கேளுங்கள்: "அம்மா, எங்கயாவது எரியுதா?"

எந்த டேப்? எப்படி ஒட்டுவது?

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண மைக்ரோபோர் காகித டேப்பே போதும். 250 கிலோமீட்டர் பாலைவன ஓட்டப் பந்தயங்களில் நடத்தி 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மலிவான டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைவாக வந்தது. கிளம்பும் முன்பே, உங்களுக்கு வழக்கமாக எரியும் இடத்தில், காய்ந்த தோலில் ஒட்டுங்கள். எண்ணெயோ வாசலினோ பட்ட தோலில் நிற்காது. சுருக்கம் விழாமல், முனைகளை வட்டமாக வெட்டி ஒட்ட வேண்டும். கூர்முனை மடங்கினால் அதுவே உரசத் தொடங்கும். விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், கால் வீங்கும்போது ரத்த ஓட்டம் தடைபடும். கழற்றும்போது தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக எடுங்கள்.

வாசலின் தடவலாமா? பவுடர்?

வாசலின் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் உரசலைக் குறைக்கும். பிறகு உறிஞ்சப்பட்டுவிடும், மணலும் ஒட்டும். தடவுவதானால் இடைவேளைதோறும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். தொடை இடுக்கு உரசலுக்கு வாசலினைப்போல நல்லது வேறில்லை.

பவுடர் வியர்வையில் குழைந்து கட்டியாகிவிடும். இரவில் காலைக் காயவைக்க மட்டும் போடுங்கள். வியர்வையையே குறைக்கும் அலுமினியம் குளோரைடு மருந்து பற்றிச் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்க ராணுவப் பயிற்சி மாணவர்களிடம் 21 கிலோமீட்டர் நடையில் சோதித்து 1998-ல் வெளியிட்டார்கள். மருந்தை முறையாகத் தடவியவர்களில் 21 சதவீதம் பேருக்கும் தடவாதவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கொப்புளம் வந்தது. ஆனால் தடவியவர்களில் பாதிக்கு மேல் தோல் எரிச்சலால் அவதிப்பட்டார்கள். எனவே நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

ஷூ எப்படி வாங்குவது? செருப்போடு நடக்கலாமா?

சாயங்காலம் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்; நடைபயணத்தில் அதைவிடவும் வீங்கும். நடக்கும்போது போடப்போகிற சாக்ஸைப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் மேலும் கீழும் வழுக்கக் கூடாது. கடையிலேயே இறுக்கமாக இருந்தால், "போடப் போட லூஸாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

புது ஷூவோடு பயணத்தைத் தொடங்கவே கூடாது. குறைந்தது 80, 100 கிலோமீட்டர் ஊருக்குள் நடந்து பழக்கிய ஷூதான் சரி.

பின்பக்கம் வார் உள்ள நல்ல சாண்டல் தாராளமாகப் போதும். நம் வெயிலுக்குக் காற்று படுவது பெரிய நன்மை. மணல் புகுவதும் வார் உரசுவதும்தான் தொல்லை, அந்த இடங்களில் டேப் ஒட்டிக்கொள்ளலாம். விரலிடுக்கு வார் வைத்த ரப்பர் செருப்பு வேண்டாம். அது கழன்றுவிடாமல் பிடிக்க விரல்கள் அடிக்கு அடி மடங்குவதில் பாதமும் கெண்டைக்காலும் சோர்ந்துவிடும்.

பருத்தி சாக்ஸ்தானே நல்லது?

ஊருக்குள் அலுவலகம் போக நல்லது. நெடுநடைக்கு வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. பாலியெஸ்டர் அல்லது நைலான் கலந்த, தையல் துருத்தாத விளையாட்டு சாக்ஸ் வாங்குங்கள். விரலுக்கு விரல் உரசுகிறவர்களுக்கு ஐந்து விரல் சாக்ஸ் பெரிய உதவி. மூன்று ஜோடி வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, நனைந்ததைப் பையின் வெளிப்புறம் பின்னூசியால் குத்திக் காயவிடுங்கள்.

வெறுங்காலோடு நடப்பதாக வேண்டிக்கொண்டேன். என்ன செய்வது?

உங்கள் வேண்டுதலை நான் மதிக்கிறேன். வெறுங்காலில் உராய்வுக் கொப்புளம் குறைவுதான். ஆனால் சூடு, முள், கண்ணாடி மூன்றும் உண்டு. நம் ஊர் வெயிலில் மதியத் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டும். அதில் தொடர்ந்து நடந்தால் பாதம் வெந்து கொப்பளிக்கும். இது தீக்காயம்தான், அதற்குண்டான கவனத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அதிகாலை மூன்று, மூன்றரைக்கு எழுந்து ஒன்பது மணிக்குள் அன்றைய நடையின் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். மிச்சத்தைச் சாயங்காலம் நடக்கலாம். வெயிலில் சிலர் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் நடக்கிறார்கள். அது சூடு குறைவு என்பது உண்மை; ஆனால் லாரிகள் உரசிப் போகிற இடமும் அதுதான். இருட்டில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரமாக, வெளிச்சத்தில் மினுங்கும் பட்டை கட்டிக்கொண்டு வரிசையாகப் போங்கள்.

ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் கொஞ்ச நேரம் வெறுங்காலில் நடந்து தோலைப் பழக்குங்கள். பாதம் வெந்துவிட்டால் ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் வெறுங்கால் நடை கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. உங்கள் குருக்களிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள், செருப்போடு நடக்கத்தான் சொல்வார்கள்.

எவ்வளவு நாள் முன்பு பயிற்சி தொடங்க வேண்டும்?

ஆறிலிருந்து எட்டு வாரம். வாரத்தில் நான்கு நாள் நடை, அதில் ஒரு நாள் நீளமாக. நீள நடையை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் அடுத்தடுத்த இரு நாட்கள் 20 கிலோமீட்டராவது நடந்து பாருங்கள். இரண்டாம் நாள்தான் பாதத்தின் உண்மையான நிலை தெரியும். மெரினா நடைபாதையும் பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையும் சமதளப் பயிற்சிக்குச் சரி. அலைக்கரை மணலில் அதிகம் வேண்டாம். சரிவில் ஒரு கால் எப்போதும் தாழ்ந்து போகும், கணுக்கால் நோகும். திருப்பதிக்குப் போகிறவர்கள் பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்கிப் பழகலாம். அலிபிரி வழியில் சுமார் 3,550 படிகள் இருக்கின்றன.

கொப்புளத்தை உடைக்கலாமா, கூடாதா?

சின்னது, வலிக்கவில்லை என்றால் உடைக்காதீர்கள். மேலே மூடியிருக்கிற தோலைவிட நல்ல கட்டு கிடையாது. அதைச் சுற்றி வளையம்போல் வெட்டிய பஞ்சு அட்டையோ தடித்த துணியோ ஒட்டி, அழுத்தம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். உள்ளே இருக்கும் நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். ஐந்து நாளில் அடியில் புதிய மேல்தோல் உருவாகத் தொடங்கிவிடும்.

பெரிதாக, விம்மி, கால் ஊன்ற முடியாமல் இருந்தால் நீரை மட்டும் வெளியேற்றலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளத்தையும் சுற்றுப்புறத்தையும் சோப்புத் தண்ணீரில் கழுவி பீட்டடின் என்ற கிருமிநாசினியைத் தடவுங்கள். பிரிக்காத ஊசியை, அதாவது மருந்துக்கடையில் உறையோடு விற்கும் ஊசியை எடுத்து, கொப்புளத்தின் அடியோரத்தில் இரண்டு மூன்று இடத்தில் சிறிதாகக் குத்துங்கள். சுத்தமான துணியால் மெதுவாக அழுத்தி நீரை எடுங்கள். மேல்தோலைக் கத்தரிக்கவோ உரிக்கவோ கூடாது. பிறகு பீட்டடின் களிம்பு, ஒட்டாத துணி, மேலே டேப். ஒருநாளைக்கு ஒருமுறையாவது பிரித்துப் பாருங்கள்; நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் இழுத்து, நூலை அப்படியே விட்டுவிடும் பழக்கம் நடைபயணக் கூட்டங்களில் இன்னும் இருக்கிறது. நீர் சொட்டிக்கொண்டே வடியும் என்று அனுபவசாலிகளே சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சாலையின் அழுக்கு உள்ளே போக அந்த நூலே வழி.

ரத்தம் கோத்த கொப்புளத்தைத் தொடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் தாங்களாக எதையும் குத்தக் கூடாது. தானாக உடைந்து தோல் போய்விட்டால் ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவி மூடுங்கள். அழுக்குப் பட்ட காயம், கடைசி டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்றால், வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சள், பற்பசை, காபித்தூள், தேங்காய் எண்ணெய்?

திறந்த காயத்தில் எதுவும் வேண்டாம். பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வழியோரத்தில் கிடைக்கும் மஞ்சள்தூள் சுத்தமானதல்ல, காபித்தூளைக் கழுவி எடுப்பதற்குள் நோயாளி துடித்துப்போவார். தேங்காய் எண்ணெய் காயமில்லாத காய்ந்த தோலுக்கு இரவில் தடவ நல்லது.

சீழ் பிடித்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வலி குறையாமல் கூடும். சிவப்பு சுற்றிலும் பரவும். சூடு, வீக்கம், மஞ்சள் சீழ், நாற்றம் தெரியும். கால் மேல்நோக்கிச் செங்கோடு ஓடுவது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, காய்ச்சல், குளிர் இவற்றில் ஒன்று வந்தாலும் நடை அன்றோடு முடிந்தது. வண்டி ஏறி மருத்துவமனைக்குப் போங்கள். பேனாவால் சிவப்பின் எல்லையைத் தோலில் வரைந்து வைத்தால், பரவுகிறதா என்று மருத்துவருக்கு எளிதாகத் தெரியும்.

எனக்கு சுகர் இருக்கிறது. நடக்கலாமா?

நடை உங்களுக்கு நல்லதுதான். ஆனால் பல ஆண்டு சர்க்கரையால் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருந்தால், மேலே சொன்ன எரிச்சல் என்ற எச்சரிக்கையே உங்களுக்கு வராது. முள் குத்தி, ஷூவுக்குள் கல் கிடந்து, நாள் முழுக்க நடந்துவிட்டு இரவில் சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். கூடவே ரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் சின்னப் புண் ஆறாமல் விரலையே எடுக்கும் நிலைக்குப் போகும்.

அதனால் கிளம்ப ஒரு மாதம் முன்பே பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டு, 10 கிராம் அழுத்தம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், நாடித்துடிப்பும் பார்ப்பார்கள். வலி இல்லாத சின்னச் சோதனை. சென்னையில் இதற்கு இடமா இல்லை? சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் நீரிழிவுத் துறை இருக்கிறது. ராயபுரத்தில் பேராசிரியர் விஸ்வநாதன் 1954-ல் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டமே நடக்கிறது.

உணர்ச்சி குறைவு என்று சொன்னால், நெடுநடையை மருத்துவர் சம்மதித்தால் மட்டுமே, எம்சிஆர் செருப்போடு செய்யுங்கள். நுண்துளை ரப்பரால் ஆன இந்தச் செருப்பு, வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களுக்காகக் கொண்டுவந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்குக் கைகொடுக்கிறது. போடும் முன் ஒவ்வொரு முறையும் செருப்புக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு இடைவேளையிலும் செல்போன் கேமராவில் உள்ளங்காலைப் படமெடுத்துப் பாருங்கள், அல்லது உடன் வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பந்தல்களில் அன்போடு வெந்நீர் ஊற்றித் தருவார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். சூடு உங்களுக்குத் தெரியாது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கலாமா?

பாராசிட்டமால் போடலாம், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் வகை மாத்திரைகளை வியர்த்து நீர் வற்றிய உடம்பில் போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பந்தலில் யாரோ நீட்டுகிற பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள்.

மழையில் நடந்தால்? விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடுகிறதே?

ஐப்பசி, கார்த்திகையில் இது நிச்சயம் வரும். விரலிடுக்கு வெளுத்து, அரித்து, வெடிக்கும், பூஞ்சைதான் காரணம். இரவில் கழுவி, இடுக்கு இடுக்காகத் துடைத்து, குளோட்ரிமசோல் களிம்பு தடவுங்கள். அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். கடையில் "எல்லாத்துக்கும் கேக்கும்" என்று தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் சுகம் தந்துவிட்டுப் பூஞ்சையை வளர்த்துவிடும். ஸ்டீராய்டு கலக்காததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

காலில் காயத்தோடு தேங்கிய வெள்ளத்தில் இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயம் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும். இறங்க நேர்ந்து, அடுத்த சில வாரங்களில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குதிகால் வெடிப்பு இருக்கிறது.

இப்போதே கவனியுங்கள், கிளம்பும் வாரத்தில் முடியாது. இரவில் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) லேசாகத் தேய்த்து, யூரியா கலந்த களிம்போ வாசலினோ தடவி சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். பிளேடால் சீவாதீர்கள்.

கெண்டைக்காலில் சாக்ஸுக்கு மேலே சிவப்பாகத் தடித்திருக்கிறது. அலர்ஜியா?

பெரும்பாலும் இல்லை. வெயிலில் நெடுநேரம் நடக்கும்போது, குறிப்பாக ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, சின்ன ரத்தக்குழாய்கள் வீங்குவதால் வருவது. காலை உயர்த்திவைத்து ஓய்வெடுத்தால் பத்து நாளுக்குள் மறையும். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு, உடனே மருத்துவரிடம் போங்கள்.

எந்த வலியோடு நடக்கக் கூடாது?

பாதத்தின் மேல்பக்கம் ஒரு விரலால் சுட்டிக்காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி, அழுத்தினால் துள்ள வைக்கிறது, ஓய்விலும் போகவில்லை என்றால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். முதல் நாட்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். வலிமருந்து ஸ்பிரே அடித்துக்கொண்டு இதோடு நடந்தவர்களுக்கு விரிசல் முறிவாகியிருக்கிறது. பேருந்தில் போய்க் கோயிலில் இறங்கி உங்கள் காணிக்கையைச் செலுத்துங்கள்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது மட்டும் குதிகால் குத்துகிறது என்றால் அது பாதத்தின் அடித்தசை நார் அழற்சி. சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டுவது, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தடியில் உருட்டுவது இரண்டும் உதவும். குணமாக மாதங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

நகம் கறுத்துவிட்டது.

திருமலையிலிருந்து நடந்தே இறங்கியவர்களிடம் அதிகம் பார்க்கிறேன். இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் மோதி, நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டுகிறது. கிளம்ப மூன்று நாள் முன்பு நகத்தை நேராக வெட்டி, இறங்கும்போது கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கினால் தவிர்க்கலாம். கறுத்த நகத்தைப் பிடுங்காதீர்கள். தானாக விழட்டும், கட்டைவிரல் நகம் முழுதாக வளர ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். விண்ணென்று தெறித்தால் மருத்துவர் சின்னத் துளை போட்டு ரத்தத்தை எடுப்பார், உடனே சுகம் தெரியும்.

பையில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

மைக்ரோபோர் டேப், சின்னக் கத்தரி, பீட்டடின், உறையிட்ட ஊசி, காயத்தில் ஒட்டாத கட்டுத்துணி, மாற்று சாக்ஸ், ஒரு சிறு துண்டு, ஓஆர்எஸ் பொட்டலங்கள். எல்லாம் சேர்ந்தும் பெரிய கனம் இருக்காது. இரவு தங்கும் இடத்தில் போட்டுக்கொள்ள லேசான செருப்பு ஒன்று.

ஊருக்குத் திரும்பிய பிறகு?

முதல் இரண்டு மூன்று நாள் காலை உயர்த்திவைத்து நன்றாகத் தூங்குங்கள். வீக்கம் வடிந்ததும் தெருமுனை வரை நடக்கலாம். புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருக்கும்வரை அதற்கு மேல் மெல்லிய டேப் இருக்கட்டும். ஒரு வாரம் கழித்தும் வலியோ மரத்துப்போன உணர்வோ இருந்தால் காட்டிவிடுங்கள். ஷூவை வெயிலில் போடாமல் நிழலில், உள்ளே செய்தித்தாள் திணித்துக் காயவையுங்கள். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பாகத்தின் மெத்து போய்விடும். குதிகால் ஒருபக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தால், மேலே பளபளப்பாக இருந்தாலும் அதை அடுத்த நடைக்குப் போடாதீர்கள்.